மழையில ரோத்தன்பர்க்: மதில் நடையும் குற்ற மியூசியமும் எப்படி இருந்துச்சு

ஜெர்மனியில மதில் சுத்தின பழைய ஊரான ரோத்தன்பர்க்குக்குப் போலாமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் வீட்ல ஒரே பஞ்சாயத்து. சனி ஞாயிறு ரெண்டு நாளும் மழைன்னு ஃபோன் காட்டுது, ரூமுக்குக் கட்டின காசு திரும்ப வராது, ஊர்லேர்ந்து வந்த அத்தை மூணு வாரமா நியூரம்பர்க் ஃபிளாட்டுக்குள்ளயே உக்காந்திருக்காங்க, சரி குடையை எடுங்கன்னு கிளம்பிட்டோம். நாங்க ரெண்டு பேர், அத்தை, பத்து வயசுப் பையன், நாலு வயசுப் பொண்ணு. சின்னப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு மழைக்காலத்துல ரோத்தன்பர்க் போலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். தாராளமா போங்க.

ட்ரெயின் ஆன்ஸ்பாக்ல ஒரு தடவை, ஷ்டைனாக்ல ஒரு தடவை மாறணும். ஆறு வயசுக்குள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு டிக்கெட் வேணாம். ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷம் நடந்தா மதில் வாசல் வந்துரும், ஆனா உள்ள தெரு பூரா கல்லு பாவினது, நனைஞ்சா நல்லா வழுக்கும், ஸ்ட்ரோலர் தட தடன்னு ஆடுது, அத்தை என் கையை விடவே இல்ல. நல்ல கிரிப் உள்ள ஷூ போட்டுட்டுப் போங்க.

எங்க டிரிப்பைக் காப்பாத்தினது அந்த மதில்தான். மேல காவக்காரங்க நடக்கறதுக்காகக் கட்டின பாதை முழுக்க மரச்சட்டம் போட்டு ஓடு வேஞ்சிருக்கு, அன்னிக்கு அவங்க நனையாம நின்ன மாதிரியே இன்னிக்கு நாமளும் நனையாம நடக்கலாம், டிக்கெட்டும் கிடையாது. கிட்டத்தட்ட ரெண்டரை கிலோமீட்டர் அப்படியே போகலாம். நாங்க ரோடர் வாசல்ல ஏறி தெக்கால ஷ்பிட்டால் வாசல் வரைக்கும் போனோம். வெளிப்பக்கம் கல் சுவர், அதுல அம்பு விடுற சந்து, உள்பக்கம் முழுக்க ஈரமான செவப்பு ஓட்டுக் கூரைங்க, தலைக்கு மேல மழை சத்தம். எதிர்ல வந்தது மொத்தமே ஏழெட்டு பேர்தான். பொண்ணு ஒவ்வொரு சந்துலயும் கண்ணை வச்சுப் பாத்துட்டுதான் நகர்ந்தா.

வழியில சுவத்துல பேர் வெட்டின கல்லுங்க நிறைய இருக்கு, அதை நின்னு படிங்க. 1945 மார்ச் 31ல அமெரிக்க விமானங்க குண்டு போட்டு ஊரோட கிழக்குப் பக்கம் அழிஞ்சு மதிலும் இடிஞ்சு போச்சு, அப்புறம் உலகம் பூரா இருந்து ஜனங்க இத்தனை மீட்டர்னு காசு குடுத்து திரும்பக் கட்டினாங்க, அவங்க பேர்தான் அது. ஜப்பான்காரங்க பேரே எவ்வளவோ இருக்கு. பையன் தமிழ்ப் பேர் ஒண்ணாச்சும் இருக்கான்னு கடைசி வரைக்கும் தேடிட்டே வந்தான், நாங்க நடந்த வரைக்கும் கிடைக்கல.

ஏறுற படி செங்குத்தா இருக்கும், ஸ்ட்ரோலர் ஏத்தவே முடியாது, உயரமானவங்க உத்தரத்துல தலை இடிக்காம பாத்துக்கணும். முழங்கால் வலி இருக்கிறவங்களுக்குக் கஷ்டம், அத்தை கீழயே ஒரு கடைக்குள்ள நின்னுக்கிட்டாங்க.

மத்தியானம் மழை வலுத்ததும், அந்தக் காலத்து தண்டனைச் சாமான்களைக் காட்டுற குற்ற மியூசியத்துக்குள்ள போயிட்டோம். ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. வாசல் பக்கமே ஒரு கூண்டு, எடை குறைச்சு ரொட்டி வித்த பேக்கரிக்காரனை அதுல அடைச்சு தண்ணியில முக்குவாங்களாம். அத்தை அதை ரெண்டு தடவை படிச்சு சொல்லச் சொல்லி கேட்டாங்க. உள்ள சண்டை போடுற ரெண்டு பொம்பளைங்களை எதிரெதிரா நிக்கவச்சு கழுத்தையும் கையையும் பூட்டுற கட்டை, புறணி பேசினவங்களுக்கு மாட்டுற இரும்பு முகமூடி, மோசமா வாசிச்ச வித்துவானுக்குன்னே இரும்புப் புல்லாங்குழல். பையன் ஸ்கூல்ல ஃப்ளூட் கத்துக்கிறான், அந்தக் கண்ணாடி முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுட்டான். எனக்குப் புடிச்சது, வெறும் பயமுறுத்தலா காட்டாம எந்தச் சட்டப்படி யாருக்கு ஏன் இந்த தண்டனைன்னு ஜெர்மன்லயும் இங்லீஷ்லயும் எழுதி வச்சிருக்காங்க. ஆளை உள்ள நிக்கவச்சு மூடுற, ஊசி வச்ச பெட்டி, இரும்புக் கன்னின்னு ஒண்ணு இருக்கே, அதுல மத்திய காலத்துல ஆளைக் கொன்னாங்கங்கறதே பின்னாடி கிளம்பின கதைதான். சித்திரவதை சாமான் இருக்கிற இடத்துக்கு மட்டும் சின்னக் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, நாங்க மாத்தி மாத்திதான் பாத்தோம்.

ஷ்னேபாலன் ஒண்ணு வாங்கினோம். நம்ம கலகலா மாவை ரிப்பனா வெட்டி உருண்டையா சுருட்டிப் பொரிச்சு சர்க்கரைப் பொடி தூவின மாதிரி. வறண்டு இருக்கும், ஒண்ணை நாலு பேர் தின்னா போதும், காபியோட சாப்பிடுங்க. சதுக்கத்துல மணிக்கு ஒரு தடவை ஜன்னல் திறந்து, 1631ல ஊரைப் புடிச்ச படைத் தளபதி விட்ட சவாலுக்கு முன்னாள் மேயர் மூணேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சுல குடிச்சு ஊரைக் காப்பாத்தின கதையை பொம்மைங்க காட்டும். அந்த வழியா போனா பாருங்க, மழையில அதுக்காக காத்து நிக்க வேணாம்.

தங்கின இடம்தான் மனசுக்கு ஒப்பல. அத்தைக்கு முழங்கால் வலின்னு கீழ் ரூம் கேட்டு முன்னாடியே மெயில் போட்டு, சரின்னு பதிலும் வந்துச்சு, போனா மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஹீட்டர் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூடாகவே இல்ல. நனைஞ்ச ஷூவுக்குள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு வச்சும் காலையில ஈரம்தான். வயசானவங்களோட போறீங்கன்னா ரூம் நம்பரையே எழுதி வாங்கிக்கோங்க, ஆளுக்கு ரெண்டாவது ஜோடி ஷூவும் எடுத்துக்கோங்க.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சப்புறம் யாக்கோபு சர்ச். டில்மான் ரீமன்ஷ்னைடர்ங்கற சிற்பி 1500 வாக்குல செதுக்கின மர பீடம் மேல் மாடத்துல இருக்கு, மறுபடியும் படி. நீங்க கீழ இருங்கன்னு சொன்னேன், அத்தை கேக்கல, கம்பியைப் புடிச்சு மெதுவா ஏறிட்டாங்க. பெயிண்ட் இல்லாத லிண்டன் மரம், கடைசி இராப்போஜனம், நட்ட நடுவுல நிக்கிறது யூதாஸ். துரோகம் பண்ணினவனை எதுக்குடா நடுவுல வச்சிருக்கான்னு அத்தை கேட்டாங்க. பையன் கிட்டப் போய் பாத்துட்டு வந்து, "பாட்டி, இயேசு அவனுக்குத்தான் ரொட்டி குடுக்கிறாரு"ன்னான். அதுக்கப்புறம் அத்தை அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டாங்க, அவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் நாங்களும் உக்காந்திருந்தோம், பிளான் பண்ணின ட்ரெயினை விட்டுட்டு அடுத்ததுல வந்தோம்.