கரையில் நிற்கும் தலைவரா, வாய்க்காலில் இறங்கும் தலைவரா?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவ நெல் சாகுபடிக்கு முன் வாய்க்கால் தூர்வார வேண்டும். கரையில் நின்று ஆளை ஏவுகிற தலைவரும் வேலையை முடித்துவிடுவார். வெள்ள நேரத்தில் அந்த அதட்டல் தேவைதான். 2023 டிசம்பர் மழையில் கூடிப் பேச ஏது நேரம்?

மற்ற நாள்களில் என் ஓட்டு மண்வெட்டியோடு இறங்குகிறவருக்கே. வாய்க்காலை அடைக்கும் அமலைச் செடியை வேரோடு இழுத்துக் கரையில் போடும்போதுதான் எந்த மடையில் பலகை இற்றுப்போயிருக்கிறது, கடைமடைக்கு ஏன் தண்ணீர் எட்டவில்லை என்று கண்ணில் படுகிறது. பக்கத்தில் சேறு அள்ளுகிறவரும் மனம்விட்டுக் குறை சொல்வார். கரையில் நிற்பவருக்கோ, “எல்லாம் சரிதான் அண்ணாச்சி” என்ற பதில்தான் கிடைக்கும்.

வ.உ.சி.யும் இப்படி இறங்கி நின்றவர்தான். அவர் வழக்கறிஞர், 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில், 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பேசியதோடு நிற்காமல் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கவும் நிதி திரட்டினார். மில் நிர்வாகம் இறங்கிவந்தது.

இந்தக் குணத்தைப் பழக விரும்பும் பாசனச் சங்கத் தலைவர், முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தன் வயலைக் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும். பயிர் வாடும்போது அது கடினம். இருந்தாலும் இந்தக் கார் பருவத்திலேயே தொடங்கலாம்.