ஸ்பைரோனோலாக்டோன் 25: நாலாவது பிரஷர் மாத்திரை பற்றி ஒரு ரிவ்யூ

மூன்று பிரஷர் மாத்திரை போட்டும் அளவு இறங்காத ஆள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள். அப்பாவுக்கு அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தும் மேல் அளவு 150க்குக் கீழே வர மறுத்தது. டாக்டர் நாலாவதாக எழுதியதுதான் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம். பல கம்பெனிகள் போடுகின்றன, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். என் மதிப்பெண் 5க்கு 4.

மெடிக்கலில் "நீர் மாத்திரை" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது பாதி உண்மைதான். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செல்லுக்குள்ளேயே போய் மினரலோகார்ட்டிகாய்டு ரிசெப்டரில் (ஹார்மோன் வந்து ஒட்டுவதற்கென்றே இருக்கும் புரதம்) ஒட்டிக்கொள்ளும். இது நியூக்ளியர் ரிசெப்டர் வகை, அதாவது ஹார்மோன் ஒட்டியதும் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து எந்த ஜீன் வேலை செய்யணும் என்று முடிவு பண்ணும் ஆள். சிறுநீரகத்தில் இது உப்பைப் பிடித்து வைக்கும், தண்ணீரும் கூடவே தங்கிவிடும். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதே ரிசெப்டர் இருக்கிறது, அங்கே அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் சுவர் அழன்று, நார்த்திசு படிந்து விறைத்துப்போகும், குழாயைத் தளர்த்துகிற நைட்ரிக் ஆக்சைடும் குறையும். 2012ல் வந்த ஓர் ஆய்வில் ரத்தக்குழாய்த் தசையில் மட்டும் இந்த ரிசெப்டரை நீக்கிய எலிகளுக்கு, வயதாக ஆக, மற்ற எலிகளைவிட பிரஷர் குறைவாகவே இருந்தது, இத்தனைக்கும் அவற்றின் சிறுநீரகம் உப்பை வழக்கம்போலத்தான் கையாண்டது. இந்த மாத்திரை அந்த ரிசெப்டரை ஆல்டோஸ்டிரோனுக்குக் கிடைக்காமல் அடைத்துவிடுகிறது.

ஜீன் வழியாக நடக்கிற வேலை என்பதால் போட்ட மறுநாளே மெஷினில் கையை நீட்டிப் பிரயோஜனம் இல்லை, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். அப்பாவுக்கு மெதுவாகத்தான் இறங்கியது, இப்போது 130களில் நிற்கிறது. 2015ல் வெளியான பாத்வே-2 ஆய்விலும் இப்படி மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களிடம் வெற்று மாத்திரையைவிட மேல் அளவை சராசரியாக 8.7 புள்ளி கூடுதலாக இறக்கியது, பைசோபிரோலால், டாக்சசோசின் என்ற வேறு இரண்டு பிரஷர் மருந்துகளையும் முந்தியது. 1960 வாக்கில் வந்த மருந்துக்கு இது சும்மா இல்லை.

சரி, குறைகள். ஆண் ஹார்மோனுக்கான ரிசெப்டரும் இதே குடும்பம்தான், மாத்திரை அங்கேயும் போய் உட்கார்ந்துவிடும். அப்பாவுக்கு மார்புக் காம்பில் வலி வந்தது, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தே வைத்திருந்தார். 1999ல் வந்த ரேல்ஸ் என்ற இதயச் செயலிழப்பு ஆய்வில் ஆண்களில் 10 சதவீதம் பேருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்திருக்கிறது, ஆக அரிதான சமாச்சாரம் இல்லை. அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

பெரிய ஆபத்து பொட்டாசியம். உப்பை வெளியே தள்ளும்போது பொட்டாசியத்தை உள்ளே நிறுத்திவிடும், டெல்மிசார்டனும் அதையே செய்யும், எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரேல்ஸ் ஆய்வில் இறப்பு 30 சதவீதம் குறைந்தது என்றதும் கனடாவின் ஒன்டாரியோவில் டாக்டர்கள் இதை சகட்டுமேனிக்கு எழுத, பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் கூடிப்போனார்கள். அதனால் ஆரம்பித்த ஒரு வாரத்திலும் அப்புறம் ஒரு மாதத்திலும் பொட்டாசியம் டெஸ்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் டெஸ்டும் கட்டாயம். தினமும் இளநீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம்தான் இருக்கும், அதையும் ஒதுக்குங்கள். கடையில் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு மதிப்பெண் அங்கேதான் போனது.

மார்பு வலி தாங்கவில்லை என்றால் எப்ளெரினோன் என்ற இதே வகை மருந்து இருக்கிறது, அது ஆண் ஹார்மோன் ரிசெப்டரை அவ்வளவாகச் சீண்டாது. ஃபினெரினோன் என்ற இன்னொன்று 2021ல் அமெரிக்காவில் சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களுக்காக அனுமதி வாங்கியது, விலையும் வேறு ரகம். அப்பா இப்போதைக்கு பழைய மாத்திரையிலேயே இருக்கிறார், வலி அதிகமானால் மாற்றித் தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.