சேற்றுக் கைக்கு ஏற்ற கடிகாரம்

திருவையாறு பக்கம் குறுவையும் சம்பாவும் போடுகிறவன் நான். நடவு நேரத்தில் கை முழுக்கச் சேறு. அப்போதுதான் டிராக்டர்காரர் போன் போடுவார். விரல் சைகையைப் புரிந்துகொண்டு போனை எடுக்கும் இந்த ஸ்மார்ட் கடிகாரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், பேசலாம். மணிக்கட்டின் நுண்ணிய அசைவையும் ரத்த ஓட்ட மாறுதலையும் சென்சார்கள் சேர்த்துப் படிக்கின்றன. நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே, "நாளைக்கு மேலக்கொல்லையை ஓட்டிடுங்கண்ணே" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். உண்மையிலேயே பெரிய உதவி.

குறையும் உண்டு. பட்டைக்கு அடியில் சேறு புகுந்தால் விரல் தட்டுவது கடிகாரத்துக்குத் தெரிவதில்லை. வாய்க்காலில் கழுவித் துடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். போனை மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டுக் கடைசி வரப்புக்குப் போனால் தொடர்பு அறுந்துவிடும்.

2009-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஆராய்ச்சி மாணவர் பிரணவ் மிஸ்திரி உருவாக்கிக் காட்டிய 'சிக்ஸ்த் சென்ஸ்' இதைவிடப் பெரிய ஆசை. கழுத்தில் தொங்கும் கேமராவும் குட்டிப் புரொஜெக்டரும், விரல் நுனிகளில் வண்ண உறை. சுவரோ உள்ளங்கையோ, அதுவே திரை. மேட்டூர் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டதா என்று உள்ளங்கையில் பார்க்கும் காலம் சீக்கிரம் வரவேண்டும்.

அதுவரை வயல்காரர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். ரப்பர் பட்டையாகக் கேளுங்கள். தோல் பட்டை ஊறி நாறிவிடும்.