சைக்கிளோடு சேர்த்து ‘செட்’ வாங்கி ஏமாந்த கதை

சைக்கிளில் எந்தக் குறையும் இல்லை. 18,500 ரூபாய்க்கு வாங்கிய வண்டி இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் ஏமாந்தது பில் போடும் இடத்தில், கடைசி ஐந்து நிமிடத்தில். “ஹெல்மெட், லைட், பம்ப், லாக், சீட் கவர் எல்லாம் ஒரே செட் மேடம். தனித்தனியா எடுத்தா ஆறாயிரம் ஆகும், உங்களுக்கு 4,200” என்றார் கடைக்காரர். வேளச்சேரிப் பக்கத்துக் கடை, பெயர் வேண்டாம். இதே செட் வேறு சில கடைகளிலும் தொங்குவதைப் பிறகு பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் லைட். பெட்டியில் ‘10,000 லூமென்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. காரில் இருக்கும் சாதாரண ஹாலஜன் ஹெட்லைட்டே லோ பீமில் சுமார் 1,000 லூமென்தான் தரும். அப்படிப் பத்து விளக்கின் வெளிச்சம் கட்டைவிரல் தடிமன் டார்ச்சில் எங்கிருந்து வரும்? கடையில் நின்றபோது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. போட்டுக் காட்டினார், கண் கூசியது, நம்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்கு ஈ.சி.ஆர். பக்கம் கிளம்பினேன். எட்டு மணி நேரம் எரியும் என்று பெட்டி சொன்ன லைட், உத்தண்டி டோல்கேட் தாண்டியதும் மங்கி, இரண்டு முறை மினுக்கி, அணைந்துவிட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தபடி உரசுகிற மாதிரி கடந்து போனது. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, வெளுக்கும்வரை ஒரு பூட்டிய டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து லைட்டைப் பிரித்தேன். உள்ளே 18650 வகை செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். செல்லில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை மில்லி ஆம்பியர் மணி என்று சொல்வார்கள். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான் அடைக்க முடிகிறது. என்னுடையதில் 9,900 என்று அச்சிட்டிருந்தது! சமையலறைத் தராசில் வைத்தேன், 27 கிராம். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். மிச்சம் காற்றோ என்னவோ.

அடுத்தது பம்ப். “எல்லா வால்வுக்கும் சேரும்” என்று வாங்கும்போது சொன்னார். என் வண்டியில் இருப்பது பிரெஸ்டா வால்வு. ஒல்லியாக, நுனியில் குட்டித் திருகோடு இருக்கும். பைக், காரில் இருப்பது ஷ்ரேடர் என்ற தடித்த வகை. அப்பா ஓட்டிய பழைய சைக்கிளில் இருந்த வால்டியூப் வகை இன்னொன்று. இந்தப் பம்ப் ஷ்ரேடருக்கு மட்டும்தான். கோவளத்தில் பஞ்சரான அன்று வேறு டியூப் மாற்றிவிட்டுக் காற்றடிக்க முடியாமல் முழித்தேன். பெட்ரோல் பங்க் குழாயும் சேரவில்லை. வழியில் வந்த ஒரு பையன் தன் பையிலிருந்து சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டான். பிறகு நானும் ஒன்று வாங்கினேன், 50 ரூபாய். பிரெஸ்டா வால்வு வைத்திருப்பவர்கள் வேறெதுவும் வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் டயருக்கு எவ்வளவு காற்று என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்த அளவு பம்ப்பில் ஏறுகிறதா என்று கடையிலேயே, உங்கள் சக்கரத்திலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

லாக் கதை சிரிப்பு. சாவி உள்ளேயே உடைந்துவிட்டது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் கட்டிங் பிளேயரால் நாலு கடி கடித்தார், அறுந்தது. “ஏம்மா, வெளியதான் தடி. உள்ள பாரு, பேனா ரீஃபில் மாதிரி கம்பி” என்றார். வெளியே நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்குக் கனமான இரும்பு யூ-லாக் தேவலை. விலையும் கனம்தான்.

சீட் கவர் வழுக்குகிறது. அதை விடுங்கள், ஹெல்மெட்டுக்கு வருவோம். “ஐ.எஸ்.ஐ. இருக்கு மேடம்” என்றார். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் ஐ.எஸ். 4151 மோட்டார் வண்டி ஹெல்மெட்டுக்கான தரம். சைக்கிள் ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 அல்லது அமெரிக்கத் தரமான சி.பி.எஸ்.சி. என்ற குறி, உள்ளே ஒட்டிய சீட்டில், தயாரித்தவர் பெயரோடு. என்னுடையதில் வெறும் ‘சி.ஈ.’ என்று ஒரு ஸ்டிக்கர், வேறு ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் வாரை இறுக்கினேன், பசை விட்டு வார் கையோடு வந்தது. விழுந்தபோது வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் ஆன பிறகு கடைக்குப் போனேன். அதற்குள் நாற்பது நாள் ஓடிவிட்டது, அது என் சோம்பேறித்தனம். பில்லை நீட்டினேன். ‘அக்சஸரீஸ் 1 செட் 4,200’ என்று ஒரே வரி. “இந்த லைட் எங்க கடைதுன்னு இதுல எங்க மேடம் இருக்கு?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நான் மாட்டியது இந்த ஒரு வரியில்தான். கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் வேறு. அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. எனக்குத்தான் அந்த முப்பது நாள் போய்விட்டது.

இருந்தாலும் 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். அந்தப் புகார் எண்ணைக் கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பணம்தான் வேண்டும் என்று நின்றேன். லைட், ஹெல்மெட் இரண்டின் பெட்டியிலும் அவர் கடை விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் காட்டி 1,900 ரூபாய் வாங்கினேன். பம்ப்புக்குக் கிடைக்கவில்லை. அதன் பெட்டியை வாங்கிய அன்றே குப்பையில் போட்டிருந்தேன்.