மாற்றுத் தாயா, கரண்டியா, சிரிஞ்சா? ஒதுக்கப்பட்ட குஞ்சுக்கு எது நல்லது?

வீட்டில் வளர்க்கும் சிறு கிளியினங்களான பட்ஜியோ காக்டீலோ, தாய்ப்பறவை ஒரு குஞ்சை ஒதுக்கிவிட்டது என்று தெரிந்ததும் ‘என்ன ஊட்டலாம்?’ என்றுதான் எல்லோரும் முதலில் பதறுகிறார்கள். அதற்கு முன் குஞ்சைத் தொட்டுப் பாருங்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் ஒரு சொட்டுகூட ஊட்டக் கூடாது. குளிர்ந்த உடம்பில் செரிமானம் நடக்காது. உள்ளே போனது, விழுங்கிய தீனி முதலில் சேரும் தீனிப்பையிலேயே தேங்கிப் புளித்துவிடும். உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து, உடம்பு சூடேறி, அது தானாகத் தலையைத் தூக்கிய பிறகே தீனி. கழுத்தடியில் தீனிப்பை உருண்டு நிறைந்திருந்தால் யாரோ ஊட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் அவசரப்பட்டுக் கூட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

உண்மையாகவே ஒதுக்கப்பட்ட குஞ்சு என்றால், என் முதல் தேர்வு எப்போதும் மாற்றுத் தாய்தான். அதே இனத்தில், ஏறக்குறைய அதே வயதுக் குஞ்சுகளை வளர்க்கும் ஜோடி ஒன்று கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தாய் கக்கி ஊட்டும் தீனியோடு குடலுக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்தே போகின்றன. கையால் ஊட்டுவதற்காக வெந்நீரில் கரைக்கும் எந்தத் தீனித்தூளும் அதற்கு ஈடாகாது. இரவெல்லாம் வயிற்றுச் சூட்டில் வைத்துக்கொள்வதும் அவள்தான். மனிதர் கை பட்டால் பறவை ஏற்காது என்பது வெறும் பயம். ஆனால் நம் குஞ்சு மற்றவற்றைவிட மிகச் சிறியதாக இருந்தால் மிதிபட்டுப் பட்டினி கிடக்கும். அதன் பெற்றோர் நோயால் இறந்திருந்தால் அந்த நோயையும் புதுக் கூட்டுக்குக் கொண்டுபோவோம்; அப்போது இந்த வழி வேண்டாம். கூட்டில் விட்ட சில மணி நேரத்தில் தீனிப்பையைப் பாருங்கள். காலியாக இருந்தாலோ தோலில் கொத்துக்காயம் தெரிந்தாலோ எடுத்துவிடுங்கள்.

அப்படி ஒரு ஜோடி இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது நம் கைகள். முட்டையிலிருந்து வந்த முதல் நாட்களில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் ஊட்ட வேண்டியிருக்கும். இதற்குக் கரண்டியா சிரிஞ்சா என்பதில்தான் வளர்ப்பவர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள்.

சிரிஞ்சின் பலம் கணக்கு. ஒரு வேளைக்குக் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு. 30 கிராம் குஞ்சுக்கு 3 மில்லி. சிரிஞ்சில் அது துல்லியமாக வரும், சிந்தாது, சீக்கிரம் முடியும். அந்தச் சீக்கிரம்தான் ஆபத்தும். கிளியினக் குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டியபடி விழுங்கும். அந்த ஆட்டம் நின்ற பிறகும் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தால் தீனி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நான் அப்படி ஒரு காக்டீல் குஞ்சை இழந்திருக்கிறேன். மூன்று வாரக் குஞ்சு, நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு முறை அதிகமாக அழுத்திவிட்டேன். விடியும்போது அது உயிரோடு இல்லை. இன்றும் சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் குஞ்சு நினைவுக்கு வருகிறது.

இரு ஓரமும் உள்நோக்கி வளைத்த சிறு கரண்டியில் இந்த விபத்து நேர்வது அரிது. குஞ்சு தன் வேகத்தில் வாங்குகிறது. வேண்டாமென்றால் வாயை மூடிக்கொள்கிறது. குறைகள் உண்டு: பாதி கழுத்தில் வழியும், தீனி ஆறிவிடும், நான்கு குஞ்சுகள் என்றால் நேரம் விழுங்கும். ஆனாலும் முதன்முறை ஊட்டுகிறவருக்கு நான் கரண்டியைத்தான் சொல்வேன். தீனிக் கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டால் ஆறாது. வழிந்ததை ஈரப் பஞ்சால் உடனே துடைத்துவிடலாம். சிரிஞ்சுதான் வசதி என்பவர்கள், முனையைக் குஞ்சின் இடப்பக்க வாயோரத்தில் வைத்து வலப்பக்கம் நோக்கிச் செலுத்துங்கள். உணவுக்குழல் கழுத்தின் வலப்பக்கமாகத்தான் இறங்குகிறது.

எந்தக் கருவியானாலும் தீனியின் சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். விரலை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவே கொதிக்கும் திட்டுகள் ஒளிந்திருக்கும். அவை தீனிப்பையைச் சுட்டுவிடும், புண் வெளியே தெரியச் சில நாட்கள்கூட ஆகலாம். ஆறிய தீனியோ செரிமானத்தை மந்தமாக்கும். பாலில் நனைத்த ரொட்டி வேண்டவே வேண்டாம்; பாலின் சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது.

தீனிப்பைக்குள் நேராகக் குழாய் விட்டு ஊட்டும் முறையும் இருக்கிறது. அது விழுங்கத் திராணியற்ற குஞ்சுக்கு, மருத்துவரின் கையால் மட்டும்.

சூட்டுக்கு பல்பைவிடப் பெட்டியின் பாதி அடிப்பாகத்தில் மட்டும் வைக்கும் சூட்டு விரிப்பு மேல். பல்பைப் போல வெளிச்சம் தந்து உறக்கத்தைக் கெடுக்காது. சூடு அதிகமானால் ஓரளவு வளர்ந்த குஞ்சு மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். நகர முடியாத பச்சைக் குஞ்சுக்கு 36 டிகிரி அளவில் வைத்து, வெப்பமானியை அதன் அருகிலேயே வையுங்கள். சிறகு முளைக்க முளைக்கச் சூட்டைக் குறைத்து வரலாம்.

காலை முதல் ஊட்டலுக்கு முன் எடை பாருங்கள், தீனிப்பையையும் தடவிப் பாருங்கள். இரவுத் தீனி இன்னும் உள்ளே கனத்துக் கிடந்தால் அதன்மேல் புதியதை ஊட்டாதீர்கள். அன்றைக்கே பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.