குங்ஃபூ பாண்டா: இரண்டாம் பாகமா, மூன்றாம் பாகமா?

குங்ஃபூ பாண்டா அனிமேஷன் தொடரில், 2008இல் வந்த முதல் படத்திலேயே கதை நிறைவாக முடிந்துவிட்டது. நூடுல்ஸ் கடைப் பையனான போ என்ற பாண்டா, டிராகன் வீரன் ஆகிவிட்டான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? 2011இல் வந்த இரண்டாம் பாகம், 2016இல் வந்த மூன்றாம் பாகம் இரண்டுமே இதற்குப் பதில் தேடுகின்றன. இரண்டுக்கும் இயக்குநர் ஜெனிஃபர் யூ நெல்சன். மூன்றில் மட்டும் அலெஸாண்ட்ரோ கார்லோனியும் சேர்ந்துகொண்டார்.

என் ஓட்டு இரண்டாம் பாகத்துக்குத்தான். முதல் காரணம் வில்லன். கறுப்பு வெள்ளை வீரன் ஒருவனிடம் தோற்பாய் என்று ஆரூடம் சொன்னதற்காகப் பாண்டாக்களையே அழிக்கக் கிளம்பியது ஷென் என்ற வெள்ளை மயில். போ அநாதையானது அவனால்தான். அதனால் இந்தப் படத்தில் சண்டை வேறு, போவின் மனக்காயம் வேறு என்று பிரிக்கவே முடியாது. ஆரம்பத்தில் ஓநாய்க் கூட்டத்தோடு மோதும்போது, தலைவனின் கவசத்தில் இருக்கும் சின்னம் போவின் கண்ணில் படுகிறது. அம்மாவின் நினைவு மின்னி மறைகிறது, கை ஓய்ந்துவிடுகிறது, உடனே அடி விழுகிறது. அவனுக்குள் இருக்கும் பிரச்சினையை ஒரு சண்டை அசைவிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த நீர்த்துளி. விழும் துளியைச் சிதறாமல் கையில் ஏந்தி உருட்டிக் காட்டுவார் போவின் குரு ஷிஃபு. கடைசியில் துறைமுகத்தில் தன்னந்தனியாக நிற்கும் போ, பாய்ந்து வரும் பீரங்கிக் குண்டை அதே அசைவில் வாங்கிச் சுழற்றித் திருப்பி அனுப்புகிறான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

குறை இல்லாமல் இல்லை. போவோடு சேர்ந்து சண்டையிடும் ஐவர் அணியில் புலியைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய வேலை கிடையாது. கொஞ்சம் நின்று கலங்க வேண்டிய இடங்களிலும் படம் அடுத்த நகைச்சுவைக்கு அவசரப்படுகிறது.

மூன்றாம் பாகத்தின் பலவீனம் காய். ஆவி உலகத்திலிருந்து திரும்பி வரும் இந்தக் காளைக்குப் பகை, ஷிஃபுவின் குருவான ஊக்வே ஆமையோடுதான். போவோடு தனிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. எதிரிகளின் ‘சீ’ என்ற உயிர்சக்தியை உறிஞ்சி, அவர்களைப் பச்சைக்கல் பொம்மைகளாக்கி ஏவுகிறான். பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் பயமே வரவில்லை.

அந்தப் படத்தைத் தாங்குவது இரண்டு அப்பாக்கள். பெற்ற அப்பா லீ திடீரென்று வந்து நிற்கும்போது, வளர்த்த வாத்து பிங்குக்கு வயிற்றைக் கலக்குகிறது; பையனை விட மனமில்லாமல் மூட்டைக்குள் ஒளிந்து கூடவே போய்விடுகிறார். பிறகு லீ செய்த தவறால் மகன் முகம் திருப்பிக்கொண்டு நிற்கும்போது, அவருக்கு ஆறுதல் சொல்வதும் இதே பிங்தான். இன்னொரு அப்பா வந்ததால் தனக்கு எதுவும் குறையவில்லை, போவுக்குத்தான் கூடியிருக்கிறது என்கிறார். வளர்த்தவரின் மனசை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய இந்த இடத்தில் மட்டும் மூன்றாம் பாகம் இரண்டை முந்துகிறது.

2024இல் வந்த நான்காம் பாகத்தை இந்தப் போட்டியில் சேர்க்க மனம் வரவில்லை. ஐவர் அணியையே ஓரங்கட்டிவிட்டு, பழைய வில்லன்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

குழந்தைகளோடு பார்ப்பதென்றால், இரண்டாம் பாகத்தில் அம்மா போவை முள்ளங்கிப் பெட்டியில் ஒளித்துவிட்டு ஓடும் காட்சி வரும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அழுதுவிடுவார்களே என்று நேராக மூன்றுக்குத் தாவ வேண்டாம். லீ உயிரோடு இருப்பது தெரிவதே இரண்டின் கடைசிக் காட்சியில்தான்.