தடுப்பணையா, ஏரியைத் தூர்வாருவதா: எங்கள் ஓடையோரத்துக் கணக்கு

2019-ஆம் ஆண்டின் கடைசியில் ஏரிப் பாசனம் பெறும் நிலக்காரர்களின் அமைப்பான எங்கள் ஆயக்கட்டுதாரர்கள் சங்கத்தின் முன் மூன்று யோசனைகள் இருந்தன. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி ஓமலூர்ப் பக்கம் சரபங்கா நதியில் சேரும் ஓடையின் குறுக்கே புதிய தடுப்பணை ஒன்றைக் கேட்பது முதலாவது. அந்த ஓடையிலிருந்து நீர் பெறும் எங்கள் பழைய ஏரியையும் அதன் வரத்து வாய்க்காலையும் தூர்வாரிச் சீர்செய்வது இரண்டாவது. மேட்டூர் அணையின் உபரிநீரை வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்தில் எங்கள் ஏரியையும் சேர்க்கும்படி மனுக் கொடுப்பது மூன்றாவது. நாங்கள் ஏரியைத் தேர்ந்தோம். அந்தப் பக்கம் நின்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே கீழே வரும் அலசலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசிப்பவர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது யோசனையை விரைவிலேயே தள்ளிவைத்தோம். சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்புவதற்காக 565 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்ட அந்தத் திட்டம், மேட்டூர் அணை தன் முழு மட்டமான 120 அடியை எட்டி வெள்ளநீர் மிஞ்சும் காலத்தை நம்பியிருப்பது. மிஞ்சிய நீரையும் மோட்டார் வைத்துத்தான் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். மலையோடை வாய்க்காத ஊர்களுக்கு அது வரம் என்பதை மறுக்க மாட்டேன். எங்களுக்கோ மலையே தண்ணீரை அனுப்பிவைக்கிறது. வாசலில் ஓடும் நீரைப் பிடித்துவைக்க வகைசெய்யாமல் காவிரியிடம் கையேந்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகப் போட்டி தடுப்பணைக்கும் ஏரிக்கும்தான். தடுப்பணையின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. நிலம் எடுக்க வேண்டியதில்லை, ஒரே கோடையில் கட்டி முடித்துவிடலாம், ஓடையின் இரு கரையிலும் உள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். எங்கள் பகுதியின் அடிநிலம் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஓடைப் படுகையில் அந்த வெடிப்பு ஒன்று அமைந்துவிட்டால் தடுப்பணை நீர் விரைவாகவே கிணற்றுக்குப் போய்ச் சேரும். பரந்து கிடக்கும் ஏரியில் வெயிலுக்கு ஆவியாகும் நீர் மிகுதி என்பதும் உண்மை.

ஆனால் கொள்ளளவை அளந்து பார்த்தபோது எனக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருந்தது. எங்கள் ஓடையின் சரிவு அடிவாரத்தில் ஏறக்குறைய நூறடிக்கு ஓரடி. அங்கே 5 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினால் நீர் பின்னோக்கி 500 அடி தேங்கும். ஓடையின் அகலம் சுமார் 60 அடி. தேக்கத்தின் வடிவம் ஆப்புப் போன்றது என்பதால் பெருக்கி வருவதில் பாதியை எடுத்தால் 75,000 கன அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதாவது ஏரிக்குள் இரண்டு ஏக்கருக்கும் குறைவான பரப்பில் ஓரடி ஆழத்துக்கு வண்டலை எடுத்தாலே அந்தத் தடுப்பணை பிடிக்கும் அளவு இடம் கிடைத்துவிடுகிறது. தடுப்பணை ஒரு பருவத்தில் பலமுறை நிரம்பி வடியும், ஆகவே ஒருமுறைக் கொள்ளளவை மட்டும் பார்ப்பது நியாயமல்ல என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். அது சரியான மறுப்பே. நான்கு முறை நிரம்பினாலும் ஏழு ஏக்கரில் ஓரடிதான் என்பது என் பதில்.

இவற்றையெல்லாம்விட முடிவைத் தீர்மானித்தது தூர். மலையடிவாரத்தில் எதைக் கட்டினாலும் அது மண்ணால் நிரம்பும்; மழையில் சரிவு கரையும், வெள்ளம் அதைச் சுமந்துவரும், நீரின் வேகம் எங்கே தணிகிறதோ அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போகும். பெரியது சிறியது என்ற வேறுபாடெல்லாம் இதில் இல்லை. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுடன் 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலும் வண்டல் படிந்துகொண்டேதான் இருந்தது; அங்கே நீர் வற்றிய பகுதியில் விவசாயிகள் அதை அள்ளிக்கொள்ள 2017-இல் அனுமதி கிடைத்தது. எனவே தூர் படியுமா என்பது கேள்வியே அல்ல. படிந்த தூரை யார் அள்ளுவார், எங்கே கொண்டுபோவார், யார் அனுமதிப்பார் என்பவையே கேள்விகள்.

வெள்ளம் முதலில் இறக்கிவைப்பது கல்லையும் சரளையையும் பருமணலையும். தடுப்பணைக்குள் சேர்வது பெரும்பாலும் இவைதான். சரளையை எந்த விவசாயியும் தன் வயலுக்கு ஏற்றிச் செல்ல மாட்டார். மணல் மதிப்புள்ள பொருள். ஆனால் அந்த மதிப்பே இடையூறாகிவிடுகிறது, ஏனென்றால் ஓடை மணல் கனிம விதிகளுக்குள் வருவதால், சங்கம் நல்லெண்ணத்தோடு ஒரு டிராக்டரை இறக்கினாலும் அது மணல் கடத்தல் என்று வழக்காகக்கூடும். பக்கத்து ஊரில் நான் பார்த்த ஒரு தடுப்பணை, விளிம்புவரை மணல் நிரம்பி, நடுவில் எருக்கஞ்செடி முளைத்து, ஓடையின் படுகையை ஐந்தடி உயர்த்திவைத்ததோடு நின்றுவிட்டது. மணலுக்குள்ளும் நீர் தங்கும் என்று அதற்குச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு, கொஞ்சம் தங்கும்தான்.

ஏரிக்கு வந்து சேர்வது மென்மையான வண்டல். சரளை வழியிலேயே, வாய்க்காலின் தலைப்பில் தங்கிவிடுகிறது. ஏரி வண்டலைக் கேட்டு வாங்கிச் செல்ல ஆளிருக்கிறது. செம்மண் காட்டில் கடலையோ மரவள்ளியோ போடுபவருக்கு அது நீரைப் பிடித்துவைக்கும் மேல்மண். மண்பாண்டம் செய்பவருக்குத் தொழிலின் முதல். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கட்டணமின்றி வண்டல் எடுக்க அரசு வழிசெய்திருக்கிறது. 2024-லிருந்து அந்த அனுமதியை வட்டாட்சியரே கொடுக்கிறார் என்பதால் மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதும் இல்லை. ஆக, தடுப்பணையில் தூர் என்பது செலவு, ஏரியில் அது வரும்படி. கூட்டத்தில் ஒரு பெரியவர் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "கட்டுறப்ப போட்டோ எடுக்க எல்லாரும் வருவாங்க தம்பி, மண்ணு அள்ளுறப்ப யாருங்க வருவாங்க?"

பாசன விவசாயிகளின் பங்கேற்போடு ஏரிகளைச் சீரமைக்கும் அரசின் குடிமராமத்துத் திட்டம் அப்போது நடப்பில் இருந்தது எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. மதிப்பீட்டில் 10 சதவீதத்தை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்ற விதி சிலருக்குச் சுமையாகத் தெரிந்தது. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. கைக்காசு போட்டவன்தான் மதகின் பலகை காணாமற்போனால் கேள்வி கேட்கிறான். அடுத்த கோடையில் ஊரடங்குக்கு நடுவே சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வரத்து வாய்க்காலின் ஆக்கிரமிப்பை ஓரளவு எடுத்து, மதகையும், ஏரி நிரம்பியதும் மிகைநீர் வழியும் கோடியையும் செப்பனிட்டோம். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாய்க்காலின் ஒரு திருப்பம் இன்றும் குறுகியே கிடக்கிறது.

மீன் விஷயம் எங்கள் கூட்டத்தில் கடைசியாகத்தான் வந்தது, அதைக் கிளப்பியவனும் நான்தான். புதுவெள்ளம் இறங்கியதும் கெண்டையும் அயிரையும் கெளுத்தியும் முட்டையிட மேட்டை நோக்கி எதிர்நீச்சலில் ஏறுவதை ஓடையோரத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். கல்லும் மண்ணும் தழையும் போட்டு வாய்க்காலுக்கு நீர் திருப்பிய பழைய கொரம்பு, பெருவெள்ளத்தில் தானே உடைந்து வழிவிட்டது. ஏரியின் கோடியும் கல் பாவிய சாய்வாகவே இருக்கிறது. அதன் ஓரக் கற்களுக்கிடையே நீர் மெதுவாக வழியும் இடங்களில் மீன் தங்கித் தங்கி ஏறும். கான்கிரீட் தடுப்பணையோ செங்குத்தாக நிற்கிறது. அதன் அடியில் போடும் தளத்தில் நீர் நாலு விரல் ஆழமே ஓடுவதால், துள்ள வேண்டிய மீனுக்கு உந்திக் கிளம்ப மடு இல்லை.

அணை மீனை மறிக்கும் கதை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் மேட்டூர் அணைக்குப் பின் அருகிப்போனதை மீன்வள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 214 அடி உயரச் சுவரில் மீனுக்குப் படி அமைப்பது பெரிய பொறியியல். ஐந்தடிச் சுவருக்கோ தீர்வு எளிது. ஒரு பக்கத்தில் இருபதடிக்கு ஓரடிக்கும் மேற்படாத சாய்வில் பெருங்கற்களைப் பதித்து, இடையிடையே சிறு மடுக்கள் விட்டு, சுவரின் விளிம்பை அந்த இடத்தில் மட்டும் தாழ்த்திவைத்தால் கோடைக்குமுன் வடியும் நீரும் அவ்வழியே போகும், மீனும் ஏறும். தடுப்பணையைத் தேர்ந்தவர்கள் மதிப்பீட்டிலேயே இதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டி முடித்தபின் கேட்டால் கிடைக்காது.

இதில் என் அனுபவம் மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய கற்சாய்வு ஒன்றில் மீன் ஏறுவதை நான் நேரில் கண்டதில்லை. மேலும், வழி திறந்திருப்பது எல்லா மீனுக்கும்தான். ஏரிகளில் பெருகிவிட்ட ஜிலேபி மீனும் அதே வழியில் மேலேறினால் மலையடிவார மடுக்களில் உள்ள சிறுமீன்களின் கதி என்ன என்று ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஓடையை ஒட்டியே கிணறு வைத்திருக்கும், ஏரிப் பாசனம் எட்டாத மேட்டுக்காட்டுக்காரர் தடுப்பணையைக் கேட்பதிலும் தவறு காண மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஏரியைத் தேர்ந்ததால் மீனுக்கு வழி கிடைத்துவிட்டதா என்றால், முழுதாக இல்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், தாம் விட்ட கட்லாவும் ரோகுவும் வெளியேறிவிடாமல் கோடி விழும் நாளில் குறுக்கே வலை கட்டிவிடுகிறார். வெளியே போவதைத் தடுக்கும் வலை உள்ளே வருவதையும் தடுக்கிறது. முதல் வெள்ளம் வரும் வாரத்தில் மட்டும் வலையை ஓர் ஓரமாக விலக்கிவைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த ஏலத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். குத்தகைத் தொகை இறங்கிவிடும் என்று சங்கத்திலேயே பாதிப்பேர் இன்னும் ஒப்பவில்லை.